உரிமம் இடைநிறுத்தப்பட்ட காலத்தில் வண்டி ஓட்டினால் என்ன தண்டனை, அதைத் தவிர்ப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மினி லாரி ஓட்டுநர் ஒருவரைக் கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்தி உரிமம் கேட்டபோது, அவர் சட்டைப்பையிலிருந்து பாலித்தீன் உறையில் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்குங்க சார், அதுக்கு ரசீது இதுதான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், உதவி ஆய்வாளர் கையிலிருந்த கருவியில் உரிம எண்ணை அடித்துப் பார்த்துவிட்டார். கைப்பேசியில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியதற்காகச் சில வாரங்களுக்கு முன் வாங்கி வைக்கப்பட்ட அந்த உரிமம் மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டிருப்பதாகத் திரை காட்டியது. இடைநிறுத்த உத்தரவு அவருடைய பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை அந்தத் தாளை எங்கள் அலுவலக மேசையில் நீவி விரித்துப் பார்த்தேன். வியர்வையில் நனைந்து காய்ந்து மடிப்பின் மேலிருந்த எழுத்துகள் அழிந்திருந்தாலும், அது உரிமத்தைப் பெற்றுக்கொண்டதற்கான தற்காலிக ஒப்புகைச் சீட்டு என்பது தெளிவாகவே தெரிந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இத்தகைய சீட்டுகள் பழக்கமானவை. இவற்றைக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர், உரிமம் திரும்பி வரும்வரை இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்றே நம்பியிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 206ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: அதன்படி உரிமத்தை வாங்கி வைக்கும் அலுவலர் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், ஆனால் உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை அந்தச் சீட்டு வண்டி ஓட்டும் அதிகாரத்தைத் தராது. ஆவணச் சோதனைக்காக உரிமத்தை வாங்கி வைக்கும் வேறு சில சூழல்களில் சீட்டை வைத்துக் குறிப்பிட்ட நாள் வரை ஓட்ட முடிந்த பழைய வழக்கம்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆகையால் சீட்டு கைக்கு வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தப் பிரிவின் கீழ் தரப்பட்டிருக்கிறது என்பதையே.

தண்டனை எவ்வளவு?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தங்களில் தண்டனை தொடர்பானவை அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன், தகுதியிழப்புக் காலத்தில், அதாவது உரிமம் வைத்திருக்கவோ பெறவோ கூடாது என்று தடை விதிக்கப்பட்ட காலத்தில், வண்டி ஓட்டுபவருக்கு 182ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சொன்னது. திருத்தத்துக்குப் பின் சிறைக்காலம் அப்படியே இருக்க, அபராதம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இங்கே "வரை" என்ற சொல்லே எடுக்கப்பட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும்: அபராதம் என்று விதித்தால் அது பத்தாயிரம்தான். தமிழ்நாட்டில் இந்தத் திருத்தத்தையொட்டிய உயர்த்தப்பட்ட தொகைகள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன என்பதால், "அதெல்லாம் ஐந்நூறு ரூபாயோடு போய்விடும்" என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது.

உரிமமே எடுக்காமல் ஓட்டுபவருக்கான 181ஆம் பிரிவில் அபராதம் 5,000 ரூபாய். சஸ்பெண்ட் ஆனவர் ஓட்டினால் அதன் இருமடங்கு. ஓட்டத் தெரிந்தவருக்கு ஏன் கூடுதல் தண்டனை என்று சிலர் கேட்கிறார்கள். ஓட்டக் கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட ஒருவர் அதை மீறுவதாலேயே சட்டம் இதைப் பெரிய குற்றமாகக் கருதுகிறது. எனவே உங்கள் மீது எழுதப்பட்ட அபராதச் சீட்டில் 181 இருக்கிறதா, 182 இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். உத்தரவே பிறப்பிக்கப்படாமல் உரிமம் பறிமுதல் நிலையில் மட்டும் இருந்த காலத்தில் ஓட்டியிருந்தால், 182 பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

182ஆம் பிரிவில் பலர் கவனிக்காத இன்னொரு பகுதியும் உண்டு. தகுதியிழப்புக் காலத்தில் வேறொரு உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே அதே தண்டனைக்குரிய குற்றமாகும்; அப்படி வாங்கிய உரிமமும் செல்லாது. டி.என். 31 கடலூர், டி.என். 91 சிதம்பரம், பி.ஒய். 01 புதுச்சேரி என்று வண்டிப் பலகைகள் அடுத்தடுத்து ஓடும் பகுதி இது. மாமியார் வீட்டு முகவரியை வைத்துப் புதுச்சேரியில் ஒரு எல்.எல்.ஆர். போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொல்ல எங்கும் ஆள் கிடைப்பார்கள். அந்த யோசனை ஒரு குற்றத்தை இரண்டாக்கும்.

உரிமம் எப்படிச் சஸ்பெண்ட் ஆகிறது?

சாலையில் நிற்கும் காவலர் உரிமத்தைச் சஸ்பெண்ட் செய்வதில்லை. அவர் அதை வாங்கி, உரிமம் வழங்கும் அதிகாரியான வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்புகிறார். அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுதல், மது அருந்திவிட்டு ஓட்டுதல், பந்தயம், இரு சக்கர வாகனத்தில் மூவர் செல்லுதல், தலைக்கவசமின்மை, ஆம்புலன்சுக்கு வழிவிடாமை ஆகியவை 206ஆம் பிரிவின்படி உரிமத்தை இவ்வாறு அனுப்பக்கூடிய குற்றங்களில் அடங்கும். 19ஆம் பிரிவின்படி அலுவலர் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு, ஒன்று உங்களை விடுவிக்கலாம். அல்லது விரிவான காரணங்களை எழுதி, முதல் குற்றமானால் மூன்று மாதங்களுக்குத் தகுதியிழப்பு உத்தரவு போடலாம். இரண்டாம் முறை என்றால் உரிமம் ரத்தாகும் நிலைக்கே போய்விடும். நீதிமன்றமும் தண்டனையோடு சேர்த்துத் தனியாகத் தகுதியிழப்பு விதிக்கலாம். ஆபத்தாக ஓட்டியதற்காக ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் மீது, அதேபோல் ஓட்டி உயிரிழப்பையோ கொடுங்காயத்தையோ ஏற்படுத்தியதாக வழக்குப் பதிவானால், 21ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து ஆறு மாதங்களுக்கு உரிமம் தானாகவே இடைநிறுத்தப்படுகிறது.

தலைக்கவசம் அணியாததற்கான 194-டி பிரிவு 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதத் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் 200ஆம் பிரிவின்படி சமரசத் தொகை (வழக்கை நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டினாலும் உரிமம் மீதான நடவடிக்கை நிற்பதில்லை. அதோடு, கட்டி முடித்த குற்றமும் அடுத்த முறை எண்ணும்போது முதல் குற்றமாகவே கணக்கில் சேரும். இந்த இரண்டும் 2019இல் சேர்க்கப்பட்டவை. ஸ்பாட் ஃபைன் ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் உரிமத்தின் நிலையை நீங்களே பார்ப்பது

கைவசம் அட்டை இருப்பதாலேயே உரிமம் செல்லுபடியாகிறது என்று எண்ண வேண்டாம். தகுதியிழப்பு, ரத்து ஆகிய விவரங்கள் இப்போது மத்திய அரசின் இணையப் பதிவில் ஏற்றப்படுகின்றன. ஆல்பேட்டையில் உதவி ஆய்வாளர் பார்த்ததும் அதைத்தான். பரிவாகன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உரிமத்தின் தற்போதைய நிலை தெரிந்துவிடும். காவலரிடம் உரிமம் ஒருமுறை போன பிறகு, வாரம் ஒரு முறையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. உரிமத்திலுள்ள முகவரியையும் கைப்பேசி எண்ணையும் புதுப்பித்து வையுங்கள். நான் பார்த்தவரை, "எனக்கு நோட்டீசே வரவில்லை" என்ற சிக்கல்களில் பாதிக்கு மேல் பழைய முகவரியில்தான் போய் நிற்கின்றன.

விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால்

மொத்த விவகாரத்திலும் நம் கையில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்தக் கட்டத்தில்தான். விளக்கமளிக்க வாய்ப்புத் தராமல் உத்தரவு போட முடியாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தரப்பட்ட வாய்ப்பைப் பயன்படுத்தாமல் இருந்துவிட்டால், "விளக்கம் வரப்பெறவில்லை" என்ற ஒரே வரியோடு மூன்று மாதம் எழுதப்பட்டுவிடும். அறிவிப்பில் எத்தனை நாள் அவகாசம் என்று குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை நேரில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வர இயலாவிட்டால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பலாம்.

பதிலில் கெஞ்சுவதும் வேண்டாம், காவலரைத் திட்டுவதும் வேண்டாம். நாங்கள் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் இந்த அமைப்பிலேயே இருக்கும்: "பொருள்: ஓட்டுநர் உரிமம், 19ஆம் பிரிவின் கீழான நடவடிக்கை, விளக்கம் அளித்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு எண், நாள். ஐயா, மேற்படி அறிவிப்பு எனக்கு இந்தத் தேதியில் கிடைத்தது. குறிப்பிட்ட நாளில் நான் வாகனத்தை ஓரமாக நிறுத்திய பிறகே கைப்பேசியை எடுத்தேன். உடன் வந்தவரின் வாக்குமூலத்தையும், அழைப்பு வந்த நேரத்தைக் காட்டும் பதிவையும் இணைத்துள்ளேன். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் என் மீது வேறு எந்த வாகன வழக்கும் இல்லை. சரக்கு வாகனம் ஓட்டும் வருமானத்திலேயே என் குடும்பம் நடக்கிறது. ஆகவே என்னை நேரில் விசாரித்து இந்த நடவடிக்கையிலிருந்து விடுவிக்குமாறும், அவ்வாறு இயலாவிடில் தகுதியிழப்பைச் சம்பந்தப்பட்ட வாகன வகைக்கு மட்டும் என வரையறுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." உண்மையாக நடக்காத எதையும் இதில் சேர்க்கக் கூடாது, நிறுத்திவிட்டுத்தான் பேசினேன் என்று எல்லோருமே எழுதுவதால், ஆதாரமில்லாமல் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசி வரியில் உள்ள கோரிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உரிமத்தில் உள்ள எல்லா வாகன வகைகளுக்கும் அல்லது அவற்றில் ஏதேனும் ஒரு வகைக்கு மட்டும் தகுதியிழப்பு விதிக்கும் அதிகாரம் அலுவலருக்கு உண்டு. விடுமுறை நாளில் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போன கனரக வாகன ஓட்டுநர் ஒருவர், இரு சக்கர வாகனத்துக்கு மட்டும் தடை போட்டால் போதும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் கிடைக்காது.

உயிரிழப்பு விபத்தில் சிக்கிய பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வழக்கு முடியும் முன்பே, முதல் தகவல் அறிக்கை ஒன்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, அலுவலர் தாமாக எதையும் ஆராயாமல் போட்ட இடைநிறுத்த உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்புகள் இருக்கின்றன. உங்கள் உத்தரவில் காவல் நிலைய வழக்கு எண்ணைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், அதை வழக்கறிஞரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். உரிமம் இன்னும் உங்களிடமே இருந்தால் உடனே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அட்டையைக் கொடுக்காமல் வைத்திருந்தால் தடையை மறைத்துவிடலாம் என்பது, இணையத்தில் எல்லாம் தெரியும் இந்தக் காலத்தில் வீண் முயற்சி. மேல்முறையீடு செய்ய உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள்கள் உண்டு. மேல்முறையீடு போட்டவுடனேயே வண்டியை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உத்தரவுக்குத் தடையாணை வாங்கினால்தான் எடுக்கலாம்.

தடைக் காலத்தில் பிழைப்பை எப்படி ஓட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. சொந்த வண்டி வைத்திருப்பவர் ஆக்டிங் டிரைவரை வைத்து ஓட்டலாம். அவருடைய உரிமத்தையும் சாரதி பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து போகத் தடையில்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்குக் குறைவான திறன் கொண்ட, உரிய அங்கீகாரம் பெற்ற மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கடைக்காரர் "லைசென்ஸ் வேண்டாங்க" என்று சொல்வதை மட்டும் நம்பாமல் வண்டியின் ஆவணத்தில் அந்த அளவுகளைப் பார்த்து வாங்க வேண்டும். புதுச்சேரியில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கூட்டர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அவையும் மோட்டார் வாகனங்களே.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னியக்கோயில், முள்ளோடை வரை புதுச்சேரி; அதைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி, தமிழ்நாடு. ஒரே சாலையில் இரண்டு அரசாங்கம் என்பதால், கடலூரில் சஸ்பெண்ட் ஆனாலும் அரியாங்குப்பத்தில் ஓட்டலாம் என்று வாதிடுகிறவர்களை டீக்கடையில் சந்தித்திருக்கிறேன். உரிமம் நாடு முழுவதும் செல்வதைப்போலவே அதன் மீதான தடையும் நாடு முழுவதும் செல்லும். முள்ளோடை மதுக்கடைகளிலிருந்து இரவில் திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். சஸ்பெண்ட் காலத்தில் இப்படிப் பிடிபட்டால் இரண்டு பிரிவுகளும் ஒரே சீட்டில் ஏறும்.

பத்தாயிரத்தைவிடப் பெரிய இழப்பு

அபராதத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அது சிறிய தொகை. வீட்டில் உள்ள இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, ஓட்டுநர் பற்றிய நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். விபத்து நேரத்தில் ஓட்டுபவர் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்க வேண்டும், உரிமம் பெறத் தகுதியிழந்தவராக இருக்கக் கூடாது என்று அதில் இருக்கும். சஸ்பெண்ட் காலத்தில் ஓட்டி மோதினால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு இந்த வாசகம் போதும். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய்க் கட்டாய விபத்துக் காப்பீட்டுக்கும் செல்லுபடியாகும் உரிமம் நிபந்தனை. வண்டியை எடுத்துச் சென்றவர் இறந்துவிட்டால், குடும்பத்துக்கு அந்தத் தொகையும் கைவிட்டுப் போகலாம்.

எதிரே வந்தவருக்கு அடிபட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. தகுதியிழந்தவர் ஓட்டினார் என்பதை நிறுவனம் எதிர்வாதமாக வைக்கச் சட்டத்தின் 150ஆம் பிரிவு இடம் தருகிறது. 2004இல் உச்ச நீதிமன்றம் சுவரண் சிங் வழக்கில் வகுத்த நெறியின்படி, உரிமையாளர் போதிய கவனம் எடுக்காமல் விட்டார் என்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வேறொருவரை ஓட்டுநராக வைத்திருந்த உரிமையாளர், "அவர் உரிமத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு வைத்தேன்" என்று சொல்லித் தப்ப ஓரளவு வழி உண்டு. தன் உரிமம் சஸ்பெண்ட் ஆகியிருப்பது தெரிந்தே தானே ஓட்டிய உரிமையாளர் என்ன சொல்வார்? உயிரிழப்பு வழக்கில் பல லட்சங்களாக வரும் தொகையை நிலவரி பாக்கி போல வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு, அந்தத் தோப்பே போய்விடும் கணக்கு இது.

வண்டியைக் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கும் உரிமையாளருக்கு 180ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. மகனுக்குத் தன் பெயரில் பைக் வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கும், பத்து வேன் வைத்து ஓட்டும் முதலாளிக்கும் இது ஒன்றே. வேன் முதலாளிகள் மாதம் ஒரு முறை தங்கள் ஓட்டுநர்களின் உரிம நிலையைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வைத்தால், பின்னாளில் தீர்ப்பாயத்தில் "கவனம் எடுத்தேன்" என்று காட்ட அதுவே சாட்சி.

உரிமத்தைத் திரும்பப் பெறுவது

மூன்று மாதம் முடிந்தது என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு மறுநாளே வண்டியை எடுத்துவிடக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலோ நிலையத்திலோ புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் உரிமம் திருப்பித் தரப்படும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. எங்கே பயிற்சி, எத்தனை மணி நேரம், சான்றிதழை யாரிடம் கொடுப்பது என்பதைத் தடைக் காலத்தின் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் கேட்டு முடித்துவிட்டால், கடைசி வாரத்தில் அலைய வேண்டியிருக்காது. சான்றிதழைக் கொடுத்து, உரிமம் கைக்கு வந்து, சாரதி பக்கத்திலும் தடை நீங்கியதைப் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள். நீண்ட காலத் தடையாக இருந்தால், உத்தரவு வந்து ஆறு மாதம் கழிந்த பின் அதை நீக்கக் கோரி, உத்தரவிட்ட அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ விண்ணப்பிக்க 23ஆம் பிரிவில் வழி உண்டு.

ஏற்கெனவே பிடிபட்டுவிட்டால்

பதற வேண்டாம்; வேறொருவர் ஓட்டியதாகச் சொல்லவும் வேண்டாம். சோதனைச்சாவடிகளில் கேமரா இருக்கும் என்பதோடு, பொய்யாக உள்ளே வருபவருக்கும் வழக்கு வரும். சீட்டிலுள்ள பிரிவு, இடம், நேரம் மூன்றையும் சரிபாருங்கள். 182ஆம் பிரிவுக் குற்றத்தை 200ஆம் பிரிவின் கீழ்ச் சமரசத் தொகை கட்டி முடிக்க இடமுண்டு. எந்த அதிகாரி அதைப் பெறலாம் என்பதை அந்தந்த அரசின் ஆணை வரையறுக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பிடிபட்டால் தமிழ்நாட்டு ஆணை, முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பிடிபட்டால் புதுச்சேரி ஆணை. தொகை கட்டுவதற்கு முன், உத்தரவு உங்களுக்குச் சேர்ந்ததற்கான ஆதாரம் இருக்கிறதா என்ற கேள்வியை வழக்கறிஞரிடம் ஒரு முறை எழுப்பிப் பாருங்கள். கட்டியபின் அந்தக் கேள்விக்கு இடமில்லை. விபத்து ஏதும் நடந்திருந்தால் சமரசம் என்ற பேச்சே வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை இருக்கிறது.

செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டப்பட்ட வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதை விடுவிக்க ஆர்.சி., இன்சூரன்ஸ், மாசுச் சான்று, சரக்கு வண்டியானால் எஃப்.சி., பெர்மிட் ஆகியவற்றின் அசலோடு மனு கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அந்த மினி லாரிக்காரரும் மறுபடி தடுமாறினார்: எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும், வண்டியை எடுக்கத் தனியாகவே போய் நின்றார். ஓட்டிச் செல்ல உரிமம் உள்ளவர் யார் என்று கேட்டு, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் பண்ருட்டியிலிருந்து தன் மச்சானைப் பஸ்ஸில் வரவழைத்து, மச்சானின் உரிமத்தைச் சாரதி பக்கத்தில் எங்கள் அலுவலகத்திலேயே பார்த்துக்கொண்டு, அதன் பிறகு இருவரும் போய் வண்டியை வெளியே எடுத்தார்கள். மச்சான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.